சிங்கத்தைக் காப்பாற்றியது கேமரா இல்லை

குஜராத்தின் கீர் காட்டுக்கு லென்ஸும் கையுமாகப் போய்வந்தவர்களிடம் லேசாக மறுத்துப் பேசினால் போதும், பதில் தயாராக வந்து விழும். "நாங்க என்ன துப்பாக்கியா தூக்கிட்டுப் போறோம்? படம்தானே எடுக்கிறோம். அதைப் பார்த்துத்தான் ஜனங்களுக்குக் காட்டு மேல பிரியம் வருது. நாங்க கட்டுற பர்மிட் காசுலதான் சிங்கமே பிழைச்சுக் கிடக்கு." இதையே இன்னும் கொஞ்சம் செந்தமிழில் புகைப்படக் கண்காட்சிகளின் தொடக்க உரையில் கேட்கலாம், இன்னும் பளபளப்பாகச் சுற்றுலா விளம்பரத்தில் பார்க்கலாம். யாரும் எதிர்த்துக் கேட்காததால் கேமராக்காரர் காட்டுக்குத் தொண்டு செய்கிறவர் என்பது முடிந்த முடிவாகிவிட்டது.

எனக்கு இதில் சம்மதம் இல்லை. படம் எடுப்பதே பாவம் என்று சொல்ல வரவில்லை. அது நல்ல பொழுதுபோக்கு, சிலருக்குக் கலை, கீரின் வாசலான சாசண் ஊரில் பலருக்குச் சோறு. அதைத் தொண்டு என்று சொல்லும்போதுதான் சிக்கல் வருகிறது. தொண்டு என்றால் அளவு கேட்கக் கூடாது, கணக்குக் கேட்கக் கூடாது, கூட்டம் பெருகினால் சந்தோஷப்பட வேண்டும். வியாபாரம் என்று ஒப்புக்கொண்டால் இத்தனையையும் கேட்கலாம்.

கணக்கிலிருந்தே தொடங்குவோம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கீரில் ஒரு டஜன் சிங்கம்தான் மிச்சம் என்று சொல்லப்பட்டது. வெள்ளைக்கார விருந்தாளிகளின் வேட்டை ஆசையைத் தடுக்க ஜூனாகத் சமஸ்தானம் எண்ணிக்கையைக் குறைத்துச் சொன்னது என்றும் ஒரு பேச்சு உண்டு. அப்படியானால் அந்தப் பொய்க்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். எப்படியோ, நவாப் வேட்டையைக் கட்டுப்படுத்தினார், சிங்கம் தப்பியது. 1968 கணக்கெடுப்பில் 177. இடையில் 1965இல் கீர் சரணாலயமானது. 1972இல் தொடங்கிய திட்டத்தின்கீழ் மால்தாரி இடையர் குடும்பங்கள் பலவற்றைக் காட்டைவிட்டு வெளியேற்றிக் குடியமர்த்தினார்கள். வெளியூர் மாடுகள் மேய்ச்சலுக்கு வருவதைத் தடுத்தார்கள். 1975இல் நடுப்பகுதி தேசியப் பூங்கா ஆனது. புல் வளர்ந்தது, புள்ளிமான் பெருகியது. எழுபதுகளின் தொடக்கத்தில் கீர்ச் சிங்கத்தின் உணவில் பெரும்பங்கு வீட்டு மாடுகள்தான். எண்பதுகளின் பிற்பகுதியில் காட்டுயிர் ஆய்வாளர் ரவி செல்லம் ஆராய்ந்தபோது அது தலைகீழாகிக் காட்டு விலங்குகள் பெரும்பங்காகியிருந்தன. 2005இல் சிங்கம் 359, 2010இல் 411.

இந்தக் கதையில் கேமரா எங்கே இருக்கிறது? அமிதாப் பச்சன் நடித்த குஜராத் சுற்றுலா விளம்பரங்கள் வந்து, சாசணில் கூட்டம் அலைமோதத் தொடங்கியது 2010க்குப் பிறகுதான். அதற்குள் சிங்கம் ஆபத்தின் விளிம்பிலிருந்து திரும்பிவிட்டிருந்தது. திருப்பிக் கொண்டுவந்தவை சட்டம், புல், மான், இவற்றோடு தங்கள் எருமைகளை ஓட்டிக்கொண்டு பிறந்த இடத்தைவிட்டுப் போன இடையர்கள். அந்தக் குடியெழுப்பல் எவ்வளவு நியாயமாக நடந்தது என்பது தனிக்கட்டுரைக்கு உரியது. விலை கொடுத்தவர்கள் யார் என்பதில் மட்டும் சந்தேகம் வேண்டாம்.

2010க்குப் பிறகும் எண்ணிக்கை ஏறியிருக்கிறதே என்று கேட்பார்கள். ஏறியிருக்கிறது. 2015இல் 523, 2020இல் 674, 2025இல் 891. ஆனால் அந்த 891 எங்கே இருக்கின்றன? கீர் தேசியப் பூங்காவிலும் சரணாலயத்திலும் சேர்த்து 384. மீதி 507 அந்த எல்லைக்கு வெளியே. அவற்றில் சில கிர்நார், மிதியாலா, பானியா போன்ற சிறு சரணாலயங்களில் இருக்கின்றன. பெரும்பகுதி வாழ்வது அம்ரேலி, பாவ்நகர் மாவட்டங்களின் வருவாய் நிலங்களில், மாந்தோப்புகளில், பருத்திக் காட்டில், நிலக்கடலைக் கொல்லையில், கடலோரக் கருவேலம் புதரில். நம் நண்பர்களின் பர்மிட் அங்கெல்லாம் செல்லாது. ராத்திரி தண்ணீர் பாய்ச்சப் போகும் விவசாயி டார்ச் வெளிச்சத்தில் சிங்கத்தின் கண்ணைப் பார்த்துவிட்டு ஒதுங்கி நிற்கிறார். எருமையை இழந்தவர் இழப்பீட்டுக்கு மனுப் போடுகிறார். அது சந்தை விலைக்கு எட்டுவதில்லை என்பது அவர்களின் நெடுநாள் குறை. இத்தனைக்கும் நடுவே அவர்கள் சிங்கத்துக்கு விஷம் வைக்காமல் இருப்பதற்கு ஒரு காரணம், பயிரை அழிக்கும் நீலமானையும் காட்டுப்பன்றியையும் அது விரட்டிவைக்கிறது என்பது. இன்னொரு காரணம், அவர்களுடைய பழக்கமும் நம்பிக்கையும். கண்காட்சியில் மாட்டிய படம் எந்தக் காரணத்திலும் வரவில்லை. சஃபாரி வசூலில் ஒரு பங்கு காட்டுக்கும் ஊர்களுக்கும் போகிறது என்பது உண்மைதான், அதை மறுக்கவில்லை. உதவுவது வேறு, உயிரைத் தாங்கிப் பிடிப்பது வேறு.

இனி, "கேமரா யாரையும் காயப்படுத்தாது" என்ற பேச்சுக்கு வருவோம். இதைச் சொல்கிறவர்களுக்குத் தங்கள் கலையின் வரலாறு தெரியாது என்று நினைக்கிறேன். இரவில் காட்டுச் சிங்கத்தை முதன்முதலில் பெயர்பெறும்படி படமெடுத்தவர்களில் ஒருவர் கார்ல் கியோர்க் ஷில்லிங்ஸ் என்ற ஜெர்மானியர். 1900களின் தொடக்கத்தில் கிழக்கு ஆப்பிரிக்காவில் மாட்டையும் கழுதையையும் மரத்தில் கட்டிவைத்து, சிங்கம் பாயும் நொடியில் பளிச்சென்று வெடிக்கும் மருந்து வெளிச்சத்தில் எடுத்த படங்கள் அவருடையவை. அவருடைய நூலின் பெயரிலேயே ஒளிவிளக்கும் துப்பாக்கியும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். கட்டிவைத்த இரை இல்லாமல் அந்தப் படங்கள் இல்லை.

அது பழங்கதை என்று தள்ளிவிட முடியாது, ஏனென்றால் கீரிலேயே அது நடந்தது. சுற்றுலாக்காரர்களுக்காக எருமைக்கன்றைக் கட்டிப்போட்டுச் சிங்கத்தை வரவழைக்கும் 'சிங்கக் காட்சி' 1987 வரை அதிகாரபூர்வமாகவே நடந்துவந்தது. வருகிறவர்கள் வரிசையாக உட்கார்ந்து பார்த்தார்கள், படமெடுத்தார்கள். 1987இல் அதை நிறுத்தினார்கள். அதே சமயம் கடும் வறட்சி. பிறகு மனிதர்கள்மீது தாக்குதல் திடீரென்று பெருகியது. சபர்வால், கிப்ஸ், ரவி செல்லம், நம் நாங்குநேரிக்காரரான ஜான்சிங் ஆகிய நால்வரும் 1994இல் வெளியிட்ட ஆய்வு 1978 முதல் 1991 வரையிலான 193 தாக்குதல்களை அலசியது. வறட்சியோடு, முன்பு இரை கட்டிய இடங்களுக்கு அருகில் இருந்த ஊர்களின் நிலையையும் அது சுட்டிக்காட்டியது. காட்சி பார்த்தவர்கள் ஊருக்குத் திரும்பிவிட்டார்கள். மனிதனுக்குப் பக்கத்தில் இரை கிடைக்கும் என்று கற்றுக்கொண்ட சிங்கம் அங்கேயே இருந்தது.

சட்டம் தடுத்ததால் அந்தக் காட்சி திருட்டுத்தனமானது, அவ்வளவே. 2018இல் உயிருள்ள கோழியைத் தூக்கிக் காட்டி ஒரு பெண்சிங்கத்தை இழுக்கும் வீடியோ நாடெங்கும் பரவியது. வழக்கு நடந்து 2021இல் தண்டனை விழுந்தது. அந்தக் கோழியைப் பிடித்திருந்த கைக்கு யார் காசு கொடுத்தார்கள், ஏன் கொடுத்தார்கள்? பக்கத்தில் போய்ப் பார்க்கவும் எடுக்கவும் ஒரு பசி இருக்கிறது. முறையான சஃபாரியில் அது தீராதபோது கொல்லைப்புறமாகப் போகிறது. படம் எடுப்பதைத் தொண்டு என்று கொண்டாடும் மேடை அந்தப் பசியை வளர்க்கத்தான் செய்கிறது.

ஒழுங்காகப் பர்மிட் வாங்கிப் போகிறவர்கள் அப்படி இல்லை என்பார்கள். 2024ஆம் ஆண்டின் கடைசி நாளில் மகாராஷ்டிரத்தின் உம்ரேட்–கர்ஹாண்ட்லா சரணாலயத்தில் ஒரு புலியும் அதன் ஐந்து குட்டிகளும் பாதையைக் கடக்க முடியாதபடி சஃபாரி வண்டிகள் முன்னும் பின்னும் அடைத்துக்கொண்டு நின்றன. பம்பாய் உயர்நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வு தானாகவே வழக்கை எடுத்துக்கொள்ளும் அளவுக்கு அது போனது. அத்தனை வண்டிகளும் பர்மிட் வாங்கியவைதான். ஓட்டுநர்களையும் கைடுகளையும் தண்டித்தார்கள். பின் இருக்கையில் உட்கார்ந்து "இன்னும் கொஞ்சம் முன்னாடி போங்க" என்று சொன்னவர்களை யாரும் அவ்வளவாக ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை. கல்யாண வீட்டில் தாலி கட்டும் நேரத்தில் வீடியோக்காரர்கள் முதுகைக் காட்டிக்கொண்டு மணமேடையை மறைத்து நிற்பார்களே, அதுபோலத்தான். வித்தியாசம், அங்கே மாப்பிள்ளை வீட்டார் யாராவது சத்தம்போட்டு விலக்குவார்கள்.

விலங்கு ஒன்றும் கண்டுகொள்வதில்லையே, ஜீப்புக்குப் பக்கத்திலேயே தூங்குகிறதே என்பது கீர் போய்வந்தவர்களின் பிரியமான சாட்சியம். கீர்ச் சிங்கம் மனிதனுக்குப் பழகியது என்பது உண்மை. எருமை மேய்க்கும் மால்தாரி கையில் ஒரு கம்போடு அதைக் கடந்துபோவதைப் பலர் எழுதியிருக்கிறார்கள். ஆனால் எழுந்து ஓடவில்லை என்பதால் பாதிப்பில்லை என்று எப்படித் தெரியும்? கென்யாவின் மசாய் மாராவில் சிவிங்கிப்புலிகளை ஆராய்ந்து 2018இல் வெளியான ஒரு ஆய்வு இந்தக் கேள்வியை எண்களால் கேட்டது. சுற்றுலா வண்டிகள் அதிகம் திரியும் பகுதியில் ஒரு தாய் ஓர் ஈற்றில் சராசரியாக வளர்த்து ஆளாக்கியது 0.2 குட்டி, வண்டிகள் குறைந்த பகுதியில் 2.3. அந்தத் தாய்களும் படங்களில் அமைதியாகத்தான் இருந்திருக்கும். சிங்கம் சிவிங்கிப்புலி அல்ல, கீர் மாரா அல்ல. அந்த எண்ணை அப்படியே இங்கே ஒட்டமுடியாது. ஆனால் 'கண்டுகொள்ளவில்லை' என்ற நம் கண்பார்வைத் தீர்ப்பின் மதிப்பு என்ன என்பதற்கு அது போதும்.

நேரத்தையும் பாருங்கள். படத்துக்கு நல்ல வெளிச்சம் காலையில் சூரியன் ஏறுவதற்குள்ளும் மாலையில் சாய்ந்த பிறகும். சிங்கம் நடமாடுவதும் வேட்டைக்கு நகர்வதும் பெரும்பாலும் இருட்டிலும் அதே இரு விளிம்புகளிலும்தான். நடுப்பகல் முழுக்கத் தேக்கு நிழலில் படுத்துக்கிடக்கும் விலங்கை யாரும் படமெடுக்க விரும்புவதில்லை. அதாவது, கேமரா கேட்கும் நேரமும் சிங்கத்துக்கு வேண்டிய நேரமும் ஒன்றோடொன்று மோதுகின்றன. கைடுக்கும் டிரைவருக்கும் கிடைக்கும் 'டிப்ஸ்' சிங்கம் எத்தனை அடி தூரத்தில் கிடைத்தது என்பதைப் பொறுத்திருக்கிறவரை இந்த மோதலில் யார் ஜெயிப்பார்கள் என்று ஜோசியம் பார்க்க வேண்டியதில்லை.

எல்லாவற்றையும்விட எனக்கு மறுக்கத் தோன்றுவது, படம் பார்த்து அன்பு வரும், அன்பு வந்தால் காப்பாற்றுவார்கள் என்ற பேச்சைத்தான். கீரிலிருந்து வரும் படங்களை ஒரு நாள் முழுக்கப் புரட்டுங்கள். பாதையில் நேராக நடந்துவரும் ஆண்சிங்கம், பிடரியில் பொன்வெளிச்சம், நம்மை நேராகப் பார்க்கும் கண். அந்தப் பிடரிகூட ஆப்பிரிக்கச் சிங்கத்துடையதுபோல அடர்ந்ததாகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கும். ஆசியச் சிங்கத்துக்குப் பிடரி அடர்த்தி குறைவு, காது வெளியே தெரியும், வயிற்றடியில் நீளவாக்கில் ஒரு தோல்மடிப்பு தொங்கும். இந்த அடையாளங்கள் தெரிகிற படத்தை 'சுமார்' என்று ஒதுக்கிவிடுவார்கள். கழுத்தில் ரேடியோ பட்டை இருந்தால் அந்தச் சிங்கத்துக்குச் சந்தை இல்லை. பக்கத்தில் நின்ற நான்கு ஜிப்சி வண்டிகள் ஓரத்தில் வெட்டப்பட்டிருக்கும். கீரில் ஆண்சிங்கங்கள் பெரும்பாலும் தனிக்கூட்டாக, பெண்களும் குட்டிகளும் வேறு கூட்டாகத் திரிபவை. ஆனாலும் 'அப்பா அம்மா பிள்ளைகள்' படத்துக்குத்தான் கிராக்கி, யாருக்காவது எப்போதாவது கிடைக்கிறது. விவசாயக் கிணற்றில் விழுந்து செத்த சிங்கத்தை எந்தக் கண்காட்சியிலும் நான் பார்த்ததில்லை. அந்தச் சாவுகளைக் குறைக்கக் கிணறுகளுக்குக் கைப்பிடிச் சுவர் கட்டியதுதான் கீரின் பெரிய நற்காரியங்களில் ஒன்று. செங்கல் சுவருக்கு யார் விருது கொடுப்பார்கள்? பிபாவாவ் துறைமுகத்துக்குப் போகும் ரயில் பாதையில் அடிபட்டுச் சாகும் சிங்கங்களும் அந்தப் படங்களில் இல்லை.

இப்படி வடிகட்டிய படம் எந்த அன்பை வளர்க்கும்? அதற்குப் பதில் குனோவில் இருக்கிறது. ஒரே காட்டில் ஓர் இனம் முழுவதும் அடைந்துகிடந்தால் ஒரு நோய் போதும், எல்லாம் முடிந்துவிடும் என்று அறிவியலாளர்கள் நெடுநாளாகச் சொல்லிவந்தார்கள். 1994இல் தான்சானியாவின் செரெங்கெட்டியில் நாய்களிடமிருந்து வந்த டிஸ்டெம்பர் வைரஸ் சிங்கங்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கைக் கொன்றது. எச்சரிக்கைக்கு அதைவிடப் பெரிய சாட்சி தேவையில்லை. மத்தியப் பிரதேசத்தின் குனோவில் இரண்டாவது வீடு அமைக்க 24 கிராமங்கள் காலிசெய்யப்பட்டன. 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கீரிலிருந்து சிங்கங்களை அங்கே கொண்டுபோக உத்தரவிட்டது. இன்றுவரை ஒன்றுகூடப் போகவில்லை. சிங்கம் குஜராத்தின் பெருமை, எங்கள் குடும்ப உறுப்பினர், அதை எப்படி வெளியே அனுப்புவது என்பதுதான் அங்கிருந்து எழுந்த குரல். பெருமை என்ற அந்த உணர்வை ஊதி வளர்த்ததில் விளம்பரப் பலகைகளிலும் நாட்காட்டிகளிலும் பரவிய அழகான பிடரிகளுக்குப் பங்கில்லை என்று யாராவது சொல்லமுடியுமா? 2018 செப்டம்பர், அக்டோபரில் கீரின் தல்கானியா சரகத்தில் சில வாரங்களுக்குள் 23 சிங்கங்கள் செத்தன. அவற்றில் பலவற்றின் உடலில் இருந்தது அதே டிஸ்டெம்பர் வைரஸ். அமெரிக்காவிலிருந்து தடுப்பூசி வரவழைத்தார்கள். நல்லவேளையாகத் தீ பரவவில்லை. சிங்கத்துக்காகக் காலிசெய்த குனோவில் 2022இல் நமீபியச் சிவிங்கிப்புலிகள் வந்திறங்கின.

இந்தப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் கீரிலிருந்து வெளிவந்த படங்கள் எண்ணிலடங்கா. அவற்றை எடுத்தவர்களில் எத்தனை பேர் குனோ என்ற பெயரைப் படத்தடியில் எழுதினார்கள்? ஏதாவது ஒரு புகைப்படக் கழகம் இந்த உத்தரவை நிறைவேற்றுங்கள் என்று ஒரு மனுவாவது கொடுத்ததா? நான் கேள்விப்பட்டதில்லை. அன்பு வந்தது, மறுக்கவில்லை. ஆனால் அது வைத்திருப்பதற்கான அன்பு. ஓர் இனம் பிழைக்க வேண்டுமானால் அதைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும் என்ற கசப்பான செய்தியை அந்த அன்பு கேட்கவே இல்லை.

கேமரா அறிவுக்கு உதவாது என்பதல்ல என் வாதம். மா. கிருஷ்ணன் இருந்தாரே. உதிரிப் பாகங்களைச் சேர்த்துத் தானே ஒட்டவைத்த கேமராவோடு, கறுப்பு வெள்ளையில், காட்டு யானைகளையும் காட்டெருதுகளையும் எடுத்தவர். 1950 முதல் 1996இல் சாகும்வரை ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் இயற்கை பற்றிப் பத்தி எழுதினார். அவருக்குப் படம் ஒரு வாக்கியத்துக்கான சான்று: இந்த மிருகம் இந்த இடத்தில் இப்படி நின்றது, ஏன் நின்றது. இன்றைய படத்துக்கு அடியில் லென்ஸின் நீளமும் ஷட்டர் வேகமும் இருக்கும். சிங்கம் என்ன செய்துகொண்டிருந்தது என்று ஒரு வரி இருக்காது. கருவி நூறு மடங்கு முன்னேறியிருக்கிறது. கவனிப்பதில் நாம் அந்த அளவுக்கு முன்னேறியதாகத் தெரியவில்லை.

கடைசியாக வருவது பிழைப்பு பற்றிய வாதம், இதற்கு எடை இருக்கிறது. சாசணைச் சுற்றிக் கைடுகள், ஜிப்சி ஓட்டுநர்கள், விடுதி வேலையாட்கள், சமையற்காரர்கள், மாம்பழம் விற்கிறவர்கள் எனப் பலரின் அடுப்பு இந்தக் கூட்டத்தால் எரிகிறது. ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்திகளும் அவர்களில் உண்டு. சஃபாரியை மூடு என்று சென்னையிலோ மதுரையிலோ உட்கார்ந்து எழுதுகிறவனுக்குப் பசி தெரியாது. கீரில் இருக்கும் ஒழுங்கையும் சொல்லத்தான் வேண்டும்: குறித்த வழித்தடம், குறித்த எண்ணிக்கையில் வண்டி, முன்பதிவு, ஜூன் 16 முதல் அக்டோபர் 15 வரை மழைக்கால விடுமுறை. நாட்டின் பல காடுகளைவிட இது மேல். ஆனால் இந்த ஒழுங்குகள் எல்லாமே கேமராவைத் தள்ளிவைக்கும் ஒழுங்குகள் என்பதைக் கவனிக்க வேண்டும். நான்கு மாதம் யாரும் உள்ளே வராதே என்று வனத்துறை சொல்வதில், வருவது சிங்கத்துக்கு நல்லதல்ல என்ற ஒப்புதல் அடங்கியிருக்கிறது. தொண்டுக்கு யாராவது நான்கு மாதம் விடுமுறை விடுவார்களா?

வியாபாரம் என்று வைத்துக்கொண்டால் பேச எவ்வளவோ இருக்கிறது. ஒரு சிங்கத்துக்கு முன்னால் ஒரே நேரத்தில் எத்தனை வண்டி நிற்கலாம், எத்தனை நிமிடம் நிற்கலாம்? கைடுக்குச் சிங்கத்தைக் காட்டியதற்குக் கூலியா, காட்டைச் சொல்லிக்கொடுத்ததற்குக் கூலியா? எடுத்த இடத்தின் குறிப்பைப் படத்திலிருந்து நீக்காமல் உடனுக்குடன் வெளியிடுகிறவருக்கு என்ன தண்டனை? 2007இல் கீருக்கு வேட்டைக் கும்பல் வந்து போனது, அது மறந்துவிடும் அளவுக்குப் பழையது அல்ல. குட்டி ஈன்ற தாயைத் தேடிப்போக வைக்கும் 'குட்டிப் படம்' என்ற வகையையே கண்காட்சிகளும் போட்டிகளும் ஏற்காமல் விட்டால் என்ன?

இவற்றையெல்லாம் புதிதாகக் கேட்பதற்கு ஓர் இடம் இப்போதே இருக்கிறது. போர்பந்தருக்கு அருகே பர்தா என்றொரு குன்றுக்காடு. 1879க்குப் பிறகு அங்கே சிங்கம் இல்லை. 2023 ஜனவரியில் ஓர் ஆண்சிங்கம் தானாக நடந்து அங்கே போய்ச் சேர்ந்தது. 2024 அக்டோபரில் அங்கே சஃபாரி தொடங்கிவிட்டார்கள். 2025 கணக்கெடுப்பில் அங்கே 17 சிங்கம், அவற்றில் 11 குட்டிகள். ஒரு நூற்றாண்டுக்கு மேல் கழித்து ஒரு விலங்கு திரும்பிவந்த காட்டில் இரண்டு ஆண்டுகூட ஆகுமுன் ஜிப்சி ஓடுகிறது. குட்டியோடு இருக்கும் தாயின் வழித்தடத்தை உடனே மூட அங்குள்ள சரக அலுவலருக்கு அதிகாரம் இருக்கிறதா, அப்படி மூடினால் விற்ற பர்மிட் காசைத் திருப்பித் தருவார்களா என்று கேட்க வேண்டியவர்கள் அந்த வண்டியில் லென்ஸோடு ஏறுகிறவர்கள்தான்.